மலைக்கு அந்தப் பக்கத்து அவியல்

போன தடவை ஜி.எஸ்.டி. பற்றி எழுதி முக்கால்வாசிப் பேரைத் தூங்க வைத்துவிட்டேன் என்று தகவல் வந்தது. சாரி. இந்தத் தடவை கணக்கு வழக்கு எதுவும் இல்லை. பாட்டுதான். அதுவும் நாம் எல்லாரும் கைக்குழந்தையாக இருந்தபோதோ பால்வாடியில் அழுதுகொண்டிருந்தபோதோ வந்த ஒரு மலையாள ராக் ஆல்பம். "செமஸ்டர் நேரத்துல உனக்கு இது தேவையா"ன்னு கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய் காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கலாம், நான் தடுக்க மாட்டேன்.

முதலில் அது என் காதுக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். எங்கள் மாமாவுக்கு சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வியாபாரம். லீவு நாட்களில் பில் போட, ஸ்டாக் எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார். பி.காம். படிக்கிறவன் சும்மா கிடைக்கிறான் என்றால் யார்தான் விடுவார்கள்? போன மே மாதம் கொல்லத்துக்கு ஒரு லோடு போனது. "கூடப் போய் பாக்கி வசூல் பண்ணிட்டு வா"ன்னு வேனில் ஏற்றிவிட்டார். வேன் ஓட்டியவர் புனலூர்க்காரர். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். நான் அண்ணாச்சி என்று கூப்பிட, அவர் சேட்டா போதும் என்று திருத்த, சேத்தூர் தாண்டுவதற்குள் நாங்கள் ஒரு மாதிரி தமிழாளத்தில் பேச ஆரம்பித்துவிட்டோம்.

கடையநல்லூர் வரைக்கும் இளையராஜாதான் ஓடியது. தென்காசி தாண்டி செங்கோட்டையும் போய், புளியரை ஏற்றம் ஆரம்பிக்கிற இடத்தில் சேட்டன் பென் டிரைவை மாற்றிச் சொருகினார். "தம்பி, மலை ஏறும்போ இதுதான்" என்றார். டிரம்ஸ் விழுந்தது. கிட்டார் உறுமியது. ஏதோ இங்கிலீஷ் பாட்டு வரப்போகிறது என்று உட்கார்ந்திருந்தேன். வந்தது "நட நட".

நட. நடந்து போ என்கிற அதே நட. நம்ம ஊரில் அம்மா பிள்ளையை விரட்டுகிற அதே சொல். அதை வைத்து ஒருவன் ராக் பாடுகிறான். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. ஆரியங்காவு வருவதற்குள் மூன்று தடவை திரும்பப் போடச் சொல்லிவிட்டேன். பாக்கி வசூல் பாதிதான் ஆனது, அது வேறு கதை.

குழுவின் பெயர் அவியல். ஆல்பத்தின் பெயரும் அவியல்தான். 2003-ல் ஆரம்பித்த கேரளத்துக் குழு, 2008-ல் இந்த ஆல்பம். மொத்தம் எட்டே பாட்டு. (அதில் ஒன்றின் பெயரே 'எட்டாம் பாட்டு'. பேர் வைக்கச் சோம்பேறித்தனம் போல. எனக்குப் பிடித்தது.) ஆனந்த்ராஜ் பெஞ்சமின் பாலும் டோனி ஜானும் குரல், ரெக்ஸ் விஜயன் கிட்டார், மிதுன் புத்தன்வீட்டில் டிரம்ஸ், நரேஷ் காமத் பேஸ். டோனி பாடுவதோடு டர்ன்டேபிளும் தேய்ப்பார். அந்தக் 'கிரீச் கிரீச்' சத்தம் சில இடங்களில் நன்றாக இருக்கிறது, சில இடங்களில் ரேஷன் கடைத் தராசு மாதிரி இருக்கிறது. அவியல் என்று பெயர் வைத்ததற்கு விளக்கம் நமக்குத் தேவையில்லை. நம்ம பக்கத்துக் கல்யாணப் பந்தியிலும் அது உண்டு. கையில் கிடைத்த காயையெல்லாம் நறுக்கிப் போட்டு, தேங்காய் அரைத்து ஊற்றினால் ஆச்சு. ஆனால் எந்தக் காயும் குழைந்து அடையாளம் தெரியாமல் போய்விடக்கூடாது. இவர்களிடமும் அதுதான் விசேஷம். மலையாளம் மலையாளமாகவே இருக்கிறது, கிட்டார் கிட்டாராகவே இருக்கிறது.

ராக் என்றால் நடுவில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் கிட்டார் வாசித்துக் காட்டுவார் என்பதுதான் எனக்குத் தெரிந்த ராக். ரெக்ஸ் விஜயன் அந்த வேலை பார்க்கவில்லை. அவருடைய கிட்டார் பாட்டுக்குப் பின்னால் மழைக்கால மூட்டம் மாதிரி பரவி நிற்கிறது, தேவைப்படுகிற இடத்தில் மட்டும் இடிக்கிறது. குரலும் மெருகு போட்ட குரல் இல்லை. ஊர்வலத்தில் கோஷம் போடுகிறவன் குரல், கோயில் கொடையில் மைக் பிடித்தவன் குரல். சுருதி சுத்தம் பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கு அந்தக் கரகரப்பில்தான் நம்பிக்கை வந்தது.

'ஆடு பாம்பே' என்று ஒரு பாட்டு. பெயரைக் கேட்டதும் எனக்குப் பாம்பாட்டிச் சித்தர் ஞாபகம்தான். ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் பாம்பை ஆடச் சொல்வாரே, அவர்தான். நம்ம சங்கரன்கோவிலில்தான் அவர் சமாதி இருக்கிறது என்பார்கள். கேரளத்தில் நாராயண குருவும் குண்டலினிப் பாட்டு என்று ஒன்று எழுதி, அதிலும் பாம்பை ஆடச் சொல்லியிருக்கிறார். மலைக்கு இரண்டு பக்கமும் ஒரே பாம்பு. நம் பக்கத்தில் அது தமிழ் புத்தகத்தில் மனப்பாடப் பகுதியாகச் சுருண்டு படுத்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் டிஸ்டார்ஷன் கிட்டாரோடு சேர்ந்து தலையைத் தூக்கிவிட்டது.

'கருகர' இன்னும் சுவாரசியம். அது இவர்கள் எழுதிய பாட்டே இல்லை. 1979-ல் ஜி. அரவிந்தன் எடுத்த 'கும்மாட்டி' படத்தில் வருவது, காவாலம் நாராயண பணிக்கர் எழுதியது. கருத்த மேகத்தைக் கொம்பன் யானையாகப் பார்க்கிற பாட்டு. படத்தில் கிழவரும் குழந்தைகளும் ஆடிப் பாடுவார்கள். அந்தப் படத்தை 2021-ல் புதுப்பித்தார்கள், ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். பிறகு அவியலின் பாட்டைக் கேட்டால், அதே மேகம்தான், இடி மட்டும் கூடுதல். பழைய பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள். எனக்கு இரண்டும் பிடித்திருக்கிறது.

சரி, மேட்டருக்கு வருகிறேன்.

2003-ல் இந்தக் குழு ஆரம்பித்தபோது நம்மிடம் என்ன இருந்தது? அதே 2003-ல் 'பாய்ஸ்' படம் வந்தது. பேண்டு ஆரம்பிக்கிற பையன்களைப் பற்றிய கதை. பையன்கள் வாயசைத்தார்கள், இசை ஏ.ஆர். ரஹ்மான். ஆல்பம் வந்த 2008-ல் நம் பக்கம் 'வாரணம் ஆயிரம்'. சூர்யா கையில் கிட்டார், ஹாரிஸ் ஜெயராஜ் இசை. எங்கள் அண்ணன் செட்டில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு கிட்டார் வாங்கியவர்கள் நான்கு பேரை எனக்குத் தெரியும், வாசிக்கக் கற்றுக்கொண்டவர் யாரையும் தெரியாது. :) அந்தப் பாட்டுகளைக் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினால் அதில் ஒன்றாவது ஓடும். நான் சொல்ல வருவது வேறு. நம் ஊரில் ராக் என்பது ஹீரோவுக்கு வருகிற ஒரு சிச்சுவேஷன். காதல் தோற்றால், காலேஜ் கல்ச்சுரல்ஸ் வந்தால், ஹீரோ வெளிநாடு போனால் கிட்டார் ஒலிக்கும். அந்த சீன் முடிந்ததும் கிட்டாரை உறையில் போட்டு வைத்துவிடுவார்கள். பாடுகிற குரல் அந்தக் கதாபாத்திரத்தின் குரல். "இது நான், என் ஊர், என் எரிச்சல்" என்று ஒருவன் தன் சொந்தப் பேரில் பாடுவதற்கு அங்கே இடம் கிடையாது.

தமிழில் யாருமே செய்யவில்லை என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். செய்திருக்கிறார்கள். கபேர் வாசுகியும் டென்மாவும் சேர்ந்து 'குரங்கன்' என்று குழு வைத்திருந்தார்கள். 2017-ல் பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' ஆரம்பித்தார்கள். கானாவும் ராப்பும் ராக்கும் கலந்து, சொல்ல வேண்டியதை மூஞ்சிக்கு நேராகச் சொன்னார்கள். பெங்களூரில் 'அகம்' குழு கர்நாடக சங்கீதத்தை ராக்கோடு சேர்த்து 2012-ல் முதல் ஆல்பம் போட்டது. இதெல்லாம் எனக்குக் காலேஜ் வந்த பிறகு, தேடித் தேடித் தெரிந்துகொண்டது. கவனியுங்கள், தேடி. சென்னையில் நடந்தால் நமக்கு வந்து சேர வழி வேண்டும். நம் ஊருக்குப் பாட்டு வந்து சேர்கிற வழி பஸ்ஸும் டீக்கடையும் கல்யாண மண்டபமும் கொடை ஸ்பீக்கரும்தான். அந்த நான்கிலும் சினிமா மட்டும்தான் டிக்கெட் இல்லாமல் ஏறும்.

இப்போது கொஞ்சம் சொந்தக் கதை. சிலருக்கு இது தெரியும், அவர்கள் சிரிக்காமல் படிக்கவும்.

முதல் வருடம் நானும் என் நண்பனும் இன்னும் இரண்டு பேரும் ஒரு பேண்டு வைத்திருந்தோம். பேர் சொல்ல மாட்டேன், அவ்வளவு கேவலம். மதுரையில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கிட்டார் ஒன்று, நண்பனின் சித்தப்பா வீட்டில் கிடந்த கீபோர்டு ஒன்று, டிரம்ஸுக்கு ஆரம்பத்தில் பிளாஸ்டிக் டிரம்மேதான். மாடியில் பிராக்டிஸ். எதிர் வீட்டில் இருந்த ராஜபாளையம் நாய் எங்கள் சத்தத்துக்கு மட்டும் குரைப்பதை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடும். கோம்பை, கன்னி எதற்கும் பயப்படாத நாய் அது.

ஒரு கல்ச்சுரல்ஸில் மேடை கிடைத்தது. எந்தக் காலேஜ் என்பது வேண்டாம். இங்கிலீஷ் பாட்டு இரண்டு பாடினோம். முதல் பாட்டின் இரண்டாவது வரியிலேயே கூட்டம் எங்கள் உச்சரிப்பைத் திரும்பச் சொல்லிக் கத்த ஆரம்பித்தது. நண்பன்தான் பாடிக்கொண்டிருந்தான். அவன் நிறுத்தவில்லை. காது சிவந்துபோய், கண்ணை மூடிக்கொண்டு முழுசாகப் பாடி முடித்தான். அப்புறம் பஸ் ஸ்டாண்டில் பால்கோவா வாங்கித் தின்றோம், யாரும் பேசவில்லை. துக்கத்துக்குப் பால்கோவா தின்ற முதல் பேண்டு உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும்.

இதுவரை எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது.

அந்த மேடைக்கு இரண்டு வாரம் முன்னால் நண்பன் ஒரு நோட்டைக் கொண்டுவந்தான். தமிழில் ஒரு பாட்டு எழுதியிருந்தான். அவன் அம்மா ஸ்பின்னிங் மில்லில் வேலை. ஷிஃப்ட் மாறும்போது ஊதுகிற சங்கு, விடியற்காலையில் தலைமுடியில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருகிற அம்மா, தூங்குகிற மாதிரி நடிக்கிற பையன். அவ்வளவுதான் பாட்டு. நம்ம பேச்சுத் தமிழ். வந்தாக, போனாக, இருக்காக. படித்துவிட்டு நான் சிரித்தேன். "மாப்ள, இதை மேடையில பாடுனா பட்டிமன்றம்னு நெனச்சுருவாங்கடா"ன்னு சொன்னேன். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நோட்டு பைக்குள் போனது. அந்த இங்கிலீஷ் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

கொல்லத்திலிருந்து திரும்பி வந்த மறுநாள் காலையிலேயே அவன் வீட்டுக்குப் போய், அவியல் பாட்டை அவன் காதில் மாட்டிவிட்டேன். "பாத்தியாடா, தாய்மொழியில ராக்! நாம பண்ணிருக்கணும்!" என்று ஒரே குதி. எட்டுப் பாட்டையும் பொறுமையாகக் கேட்டான். காதிலிருந்து எடுத்து வைத்துவிட்டுச் சொன்னான்:

"உனக்கு இது ஏன் பிடிச்சிருக்கு தெரியுமா? பாதி புரியல, அதான். புரியாததெல்லாம் உனக்கு கெத்து. இதே 'நட நட'ன்னு நான் ராஜபாளையத்துத் தமிழ்ல எழுதிருந்தா நீ சிரிச்சிருப்ப. சிரிச்ச."

என்னிடம் பதில் இல்லை. அவன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பேலன்ஸ் ஷீட்டில் தப்பு எங்கே என்று காட்டுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். இன்னொன்றும் சொன்னான். "தாய்மொழின்னு வேற சொல்ற. எங்க வீட்ல தெலுங்குடா. தெருவுல தமிழ், கிளாஸ்ல இங்கிலீஷ். நான் எதுல பாடணும், சொல்லு." ராஜபாளையத்தில் இது எத்தனை வீட்டுக் கதை என்று உங்களுக்குத் தெரியும். தெலுங்கு பேசுவார்கள், எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ஆல்பத்திலேயே 'ஞான் ஆரா' என்று ஒரு பாட்டு இருக்கிறது. நான் யார். அதை அவன் இரண்டாவது தடவை கேட்டான் என்பதை மட்டும் கவனித்தேன்.

அவன் சொன்னதை ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்த எழுத்தே.

பாதி புரியவில்லை என்பது நிஜம்தான். புரியாத மொழியில் ராக் கேட்டால் சொல்லின் வெயிட் தெரியாது, சத்தம் மட்டும்தான் வரும். 'ஆராண்டா' என்று ஒரு பாட்டு. யாருடா அது என்று அர்த்தம். அதையே ஒரு தமிழ்ப் பையன் மைக்கில் "யார்ரா அவன்" என்று பாடினால் எனக்கு முதலில் வடிவேலு ஞாபகம் வந்திருக்கும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். நம் பேச்சுத் தமிழைச் சினிமா காமெடிக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. திருநெல்வேலி பாஷை வந்தால் சிரிப்பு, மதுரை பாஷை வந்தால் அரிவாள், நம்ம விருதுநகர் பக்கத்துப் பேச்சுக்கு ஒரு ரோலும் கிடையாது. காதல் சொல்ல வேண்டுமா, தத்துவம் சொல்ல வேண்டுமா, உடனே எழுத்துத் தமிழுக்குப் போய் வேட்டி மாற்றிக்கொண்டு வர வேண்டும்.

ஆனால் அந்த சேட்டனுக்குப் புரிந்த மொழிதானே அது? அவரிடம் இதையே போனில் கேட்டேன். "சேட்டா, முதல் தடவை கேட்டப்போ சிரிப்பு வரலையா?" வந்ததாம். "ஞங்களும் சிரிச்சு தம்பி. மலையாளத்தில ராக்கோன்னு கேட்டு. பின்னே ஒரு ஆழ்ச்ச கழிஞ்சு எல்லாரும் பாடிட்டு நடந்து." ஒரு வாரம். சிரிப்பு ஒரு வாரம்தான் இருந்திருக்கிறது. நான் அந்த நோட்டுக்கு ஒரு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை.

தமிழுக்கு இது ஒத்துவராது என்று யாராவது ஆரம்பித்தால் கடலைத் தாண்டிக் காட்டுகிறேன். ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே இலங்கையில் பொப்பிசை என்று ஒன்று நடந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'. மாமியிடம் பேசுகிற பேச்சை அப்படியே கிட்டாரில் போட்டார்கள். சினிமா அவர்களைக் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. நம் தாத்தாக்கள் அதைக் கேட்டு ஆடியிருக்கிறார்கள். கல்கத்தாவில் 'மொஹீனேர் கோராகுலி' என்கிற குழு 1977-லேயே வங்காளத்தில் ஆல்பம் போட்டுவிட்டது. மொழி யாரையும் தடுத்ததாகத் தெரியவில்லை.

இவ்வளவு தூரம் போவானேன். மார்கழி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் தூங்கிப் பார்த்திருக்கிறீர்களா? தூங்க முடியாது. இருட்டு விலகும் முன்னேயே ஸ்பீக்கரில் திருப்பாவை. சின்ன வயதில் பாட்டி வீட்டில் போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டு திட்டியிருக்கிறேன். நாலாம் பாசுரம் மழைக்கானது. கடலுக்குள் புகுந்து தண்ணீரை மொண்டுகொண்டு, ஏறி, கறுத்து, மின்னி, அதிர்ந்து, அம்பு மழையாகக் கொட்டு என்று மேகத்துக்கு உத்தரவு போடுகிறாள் ஆண்டாள். 'கருகர' கேட்ட பிறகு எனக்கு இந்தப் பாசுரம் வேறு மாதிரி கேட்கிறது. இதைவிட ராக் என்ன வேண்டும்? அதுவும் யார், கோபுரத்தை அரசாங்க முத்திரையில் போட்டிருக்கிற நம்ம ஊர்க்காரி. பக்தியாகப் பாடுகிறவர்கள் அப்படியே பாடட்டும், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. நான் சொல்வது, இந்த ஊர் மண்ணில் சத்தம் போடத் தெரிந்த தமிழ் ஏற்கெனவே இருந்திருக்கிறது. நாங்கள்தான் மேடைக்கு அமெரிக்கா உச்சரிப்பைத் தேடிப் போனோம்.

ஆல்பத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். குறைகளும் இருக்கின்றன. எட்டுப் பாட்டையும் ஒரே மூச்சில் கேட்டால் நடுவில் கொஞ்சம் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. சில பாட்டில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காலத்தை ஓட்டுகிறார்கள், உச்சாடனம் என்று விசிறிகள் சொல்லலாம், எனக்கு அடுத்த வரி எழுதச் சோம்பல் என்றுதான் படுகிறது. எலெக்ட்ரானிக் சத்தங்கள் சில 2008-லேயே நின்றுவிட்டன, பழைய நோக்கியா மாதிரி.

இன்னொன்று என் வாதத்துக்கே ஆப்பு. சினிமாவுக்கு வெளியே நின்றார்கள், நின்றார்கள் என்று இவ்வளவு நேரம் சொன்னேன் இல்லையா? 2011-ல் 'சால்ட் அண்ட் பெப்பர்' படத்தில் அவியலின் 'ஆனக்கள்ளன்' வந்தது. அதே வருடம் 'சாப்பா குரிசு' படத்துக்கு ரெக்ஸ் விஜயன் இசையமைத்தார். பிறகு 2017-ல் 'பறவ', 'மாயாநதி' என்று அவர் சினிமாவில் நிலைத்துவிட்டார். 'மாயாநதி' பாட்டுகளை நாம் எல்லாருமே ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறோம், பொய் சொல்லாதீர்கள். 'கருகர'வே சினிமாவிலிருந்து வந்ததுதான். ஆக சினிமாவும் சும்மா விடவில்லை, இவர்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் பக்கத்திலும் ஷான் ரோல்டன் தனிக் குழுவிலிருந்து 2014-ல் 'வாயை மூடிப் பேசவும்', 'முண்டாசுப்பட்டி' என்று போனவர்தானே. சாப்பாட்டுக்கு வழி வேண்டும், அது பி.காம். படிக்கிற எனக்குப் புரியாதா. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ரெக்ஸ் விஜயன் சினிமாவுக்குப் போகும்போது அந்த மூட்டமான கிட்டாரைக் கையோடு கொண்டுபோனார். முதலில் தன் சத்தம் என்ன என்று கண்டுபிடித்து, அப்புறம் விற்றார். எங்களுக்கு விற்பதற்குச் சத்தமே இருக்கவில்லை, அடுத்தவன் சரக்கை வாடகைக்கு எடுத்து மேடை ஏறினோம். ஓப்பனிங் ஸ்டாக் நில்.

நண்பன் இப்போது ஃபைனல் இயர் முடிந்ததும் ஒரு மில்லில் அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போவதாகப் பேசி வைத்திருக்கிறான். டேலி நன்றாகத் தெரியும் அவனுக்கு. கிட்டார் அவன் வீட்டு ஆணியில் தொங்குகிறது, இரண்டு கம்பி அறுந்து. இரண்டு நாள் முன்னால் பஸ்ஸில் பார்த்தபோது, "அந்த நோட்டு இருக்காடா?" என்று கேட்டேன்.

"எந்த நோட்டு?"

"சங்கு."

கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தான். ராஜபாளையத்திலிருந்து பார்த்தால் அந்த மலை ரொம்பக் கிட்டத்தில் தெரியும், அதற்கு அந்தப் பக்கம் கேரளம்தான், ஆனால் நேராகப் போக ரோடு கிடையாது, செங்கோட்டை சுற்றித்தான் போக வேண்டும். "அம்மா அதுல பால் கணக்கு எழுதிட்டிருக்கு"ன்னு சொன்னான். அப்புறம், "முன்னாடி பக்கம் கிழிக்கல" என்றான்.

நான் சிரித்ததற்கு சாரி சொல்லவில்லை. பஸ்ஸில் எப்படிச் சொல்வது. இங்கே எழுதிவிட்டேன், அவன் படிப்பான். செவ்வாய்க்கிழமை காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், கம்பி இரண்டும் நான் வாங்கி வருகிறேன்.